அந்தக் கரித்துண்டு

நான் சிட்னிக்கு வந்து இறங்கியது 2017 ஜனவரி கடைசியில். சோபாகூட வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது, நிதியமைச்சராக இருந்த ஸ்காட் மோரிசன் நாடாளுமன்றத்தில் ஒரு கரித்துண்டைத் தூக்கிக் காட்டி, "இது நிலக்கரி, பயப்படாதீர்கள்" என்றார். அவர் கட்சிக்காரர்கள் அதைக் கைமாற்றிச் சிரித்தார்கள். கொடுத்தனுப்பியது சுரங்க நிறுவனங்களின் சங்கம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பருவநிலை மாற்றம் விஞ்ஞானிகளின் விஷயம் என்று நினைத்திருந்தவன் நான். இங்கே அது நாற்காலியைப் பறிக்கிற விஷயம். 2012-இல் பெரிய நிறுவனங்கள் வெளியிடும் கார்பனுக்கு டன்னுக்கு 23 டாலர் என்று விலை வைத்தார்கள்; 2014-இல் அடுத்த அரசு அதைத் தூக்கிவிட்டது. 2018-இல் மால்கம் டர்ன்புல் பிரதமர் பதவியை இழந்ததிலும் இந்தச் சண்டைக்குப் பங்கு உண்டு.

என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் ஹண்டர் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். அண்ணன் சுரங்கத் தொழிலாளி. "மூடு, மூடு என்கிறார்கள். மூடிய மறுநாள் அவன் எங்கே போவான் என்று ஒருத்தரும் சொல்வதில்லை" என்றார். நியாயமான கேள்வி. அந்தப் பயத்தை முன்னால் நிறுத்தி, பின்னால் லாபம் எண்ணுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

பிறகு 2019 டிசம்பர் வந்தது. காலையில் ஜன்னலைத் திறந்தால் தொண்டை கரகரக்கும். வாசல் இடுக்கில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்தோம். கொடியில் காயப்போட்ட மகளின் சீருடையில் ஒரு நாள் கருகிய இலை ஒட்டியிருந்தது. நரம்புகூட அப்படியே தெரிந்தது, தொட்டதும் பொடியாகிவிட்டது. எத்தனை கிலோமீட்டர் பறந்து வந்ததோ! ஜனவரி 4 அன்று சிட்னியின் மேற்குப் பகுதியான பென்ரித்தில் 48.9 டிகிரி. அந்தக் கோடைக் காட்டுத்தீயில் 33 பேர் இறந்தார்கள். அப்போதும் தொலைக்காட்சியில், இதற்கும் பருவநிலைக்கும் தொடர்பு உண்டா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

குடியுரிமை கிடைத்து, 2022 மே மாதம் முதல் ஓட்டுப் போட்டேன். வேட்பாளர்கள் எல்லோருக்கும் வரிசை எண் எழுத வேண்டும். ஒவ்வொருவரும் நிலக்கரி பற்றி என்ன சொன்னார் என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். ஆட்சி மாறியது. நாடு வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களை 2005 அளவிலிருந்து 2030-க்குள் 43 சதவீதம் குறைப்போம் என்று சட்டமும் வந்தது. சந்தோஷப்பட்டேன்.

அதே ஆண்டு நியூகாசில் கடற்கரைக்குப் போனோம். அடிவானத்தில் கப்பல்கள் வரிசையாக நின்றன, கரி ஏற்றுவதற்காக. ஏற்றிப் போகிற கரி எரியும்போது வரும் புகை இந்த 43-இல் சேராது. எரிக்கிற நாட்டின் கணக்கில்தான் எழுதுவார்கள். மகள் கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.