நாலு காலேஜ், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு பஸ்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு ப்ரைவேட் கேம்பஸ்ல ஏ.ஓ-வா, அதாவது நிர்வாக அலுவலரா இருக்கேன், நர்சிங், ஃபார்மசி, ஃபிசியோ, அலைட் ஹெல்த் (லேப், எக்ஸ்ரே மாதிரி டெக்னீஷியன் படிப்புங்க) நாலும் ஒரே காம்பவுண்டுக்குள்ள. சொந்தக்காரங்க கேட்டா "ஆபீஸ் வேலைதான, ஃபைல் பாக்கறதுதான"ம்பாங்க, ஆமாங்கன்னு சொல்லிட்டு நகந்துடுவேன், விளக்க ஆரம்பிச்சா பந்தியில இடம் போயிடும்.

ஆர்ட்ஸ் காலேஜ்னா பெல் அடிச்சா கிளாஸ், பெல் அடிச்சா லஞ்ச். இங்க அப்படி கிடையாதுங்க. பாதி பசங்க எந்நேரமும் ஆஸ்பத்திரில இருப்பாங்க, அங்க நம்ம பெல் செல்லாது. நைட் டியூட்டி ஸ்டாஃப் நர்ஸ் காலைல வர்றவங்க கிட்ட ஹேண்டோவர் குடுக்கற நேரம் ஒண்ணு இருக்கு, எந்த பெட்டுக்கு ராத்திரி காய்ச்சல் ஏறுச்சு, யாருக்கு டிரிப் மாத்தணும், யார காலைல சாப்பிட விடக்கூடாதுன்னு எல்லாம் அந்த கொஞ்ச நேரத்துல ஓடிடும். அதுக்கு நம்ம பொண்ணு அங்க நிக்கலன்னா அன்னைக்கு முழுக்க அவ சும்மா தர்மாமீட்டர் புடிச்சுக்கிட்டு சுத்தறவதான்.

மேல இருக்கற ரூல் எல்லாம் ஊருக்கே தெரியும். நர்சிங்குக்கு இந்தியன் நர்சிங் கவுன்சில், ஃபார்மசிக்கு பி.சி.ஐ-ங்கற ஃபார்மசி கவுன்சில், ஃபிசியோவுக்கும் அலைட் ஹெல்த்துக்கும் 2021 சட்டத்துல வந்த தேசிய கமிஷன், பரீட்சையும் டிகிரியும் கிண்டி எம்.ஜி.ஆர். மெடிக்கல் யுனிவர்சிட்டி. ஆளாளுக்கு ஒரு ஃபார்மட்ல ரெஜிஸ்டர் கேப்பாங்க, அதப் பத்தி எழுதினா புலம்பலாதான் இருக்கும், விட்டுடறேன். ஒண்ணு மட்டும் சொல்லணும். நர்சிங்ல தியரி பிராக்டிகல் ரெண்டுலயும் 80 சதவீதம் அட்டென்டன்ஸ் இருந்தா பரீட்சைக்கு உக்காரலாம், ஆனா டிகிரி கைக்கு வர்றதுக்குள்ள கிளினிக்கல் நேரம் 100 சதவீதமும் முடிச்சிருக்கணும். ஒரு மணி நேரம் விட்டாலும் எப்பவாச்சும் வந்து நின்னு கழிக்கணும். அதனால எங்க கேம்பஸ்ல காலைல பசங்கள ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போற மொத பஸ் லேட்டானா அது டிரான்ஸ்போர்ட் பிரச்சனை மட்டும் கிடையாது, கோர்ஸ் பிரச்சனை.

மாம்பழ சீசன்ல இது நல்லா தெரியும். இந்த ஊர்க்காரங்களுக்கு சொல்லவே வேணாம், பெங்களூரா மாங்கா லோடு ஏத்திக்கிட்டு டிராக்டரும் டெம்போவும் கூழ் ஃபேக்டரி வாசல்ல இருந்து ரோடு வரைக்கும் வரிசை கட்டி நிக்கும், ராத்திரி வந்த லோடு விடிஞ்சும் எறங்காது. பஸ் அதுல மாட்டுச்சுன்னா ஹேண்டோவர் போச்சு. வருஷா வருஷம் ஜூன்ல கிளினிக்கல் நேரம் குறையும், வருஷா வருஷம் பிரின்சிபால் மேடம் கிளாஸ் கோஆர்டினேட்டர்கள கேப்பாங்க, அவங்க பசங்கள திட்டுவாங்க, பசங்க "பஸ்ஸு லேட்டு மேம்"னு சொல்லுவாங்க, மீட்டிங் மினிட்ஸ்ல "பங்க்சுவாலிட்டி வலியுறுத்தப்பட்டது"ன்னு ஒரு வரி ஏறும். அவ்ளோதான்.

நான் வந்ததுக்கப்புறம் திங்கக்கிழமை மீட்டிங்குக்கு டிரைவர் அண்ணனையும் மெஸ் மாஸ்டரையும் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் ஒருத்தரையும் கூப்பிட்டேன். மொத தடவ ரூம்ல ஒரு மாதிரி இருந்துச்சு. டீன் சார் முகத்துல "இவங்க எதுக்கு"ன்னு எழுதியே ஒட்டியிருந்துச்சு, டிரைவர் அண்ணன் வேற சேர்ல உக்காரவே மாட்டேன்னு செவுத்தோரமா நின்னுட்டாரு. பஸ் பேச்சு வந்ததும் அவருதான் சொன்னாரு, "ஏங்க மேடம், சீசன் முடியற வரைக்கும் ஊருக்குள்ள சுத்திப் போலாங்க, ஆனா அஞ்சே முக்காலுக்கு எடுக்கணுங்க". உடனே மெஸ் மாஸ்டர், "அஞ்சரைக்கு இட்லி ஆகாதுங்க, சாம்பார் சாதம்னா கட்டிக் குடுக்கலாம்". சிஸ்டர் சொன்னாங்க, "பொட்டலம் கொண்டு வரட்டும், எட்டரைக்கு டீ பிரேக்ல எங்க ரூம்ல சாப்பிடட்டும், ஆனா ரூம பெருக்கிட்டுப் போகணும்". முடிஞ்சுது. வருஷக்கணக்கா மினிட்ஸ்ல இழுத்த விஷயம், மூணு பேரு ஆளுக்கு ஒரு வரி. இதுக்கு மேல நான் லீடர்ஷிப் ட்ரெயினிங்னு போய் உக்காந்து கத்துக்கிட்டது எதுவும் இல்ல, பவர்பாயிண்ட் நல்லா இருந்துச்சு, லஞ்சும் நல்லா இருந்துச்சு.

வார்டு விஷயம் இதவிட சிக்கல். பேப்பர்ல பாத்தா ஒரு மாணவிக்கு மூணு நோயாளிங்கற கணக்கு நர்சிங்குக்கு சரியா வரும். ஆனா அதே ஆர்த்தோ வார்டுக்கு அதே நேரத்துல ஃபிசியோ பசங்களும் வருவாங்க, ஃபார்மசி காலேஜ் ஃபார்ம்.டி கோர்ஸ் பசங்க நோயாளி ஃபைல் பாக்க வருவாங்க, ஒவ்வொரு காலேஜும் தன் ரோஸ்டர தான் போட்டுக்கும், ஒருத்தர் போட்டது இன்னொருத்தருக்கு தெரியாது. இடுப்பு எலும்பு முறிஞ்சு படுத்திருந்த ஒரு பாட்டி, அஞ்செட்டி பக்கத்துல இருந்து வந்தவங்க, பாதி கன்னடம் பாதி தமிழ்ல பேசுவாங்க. காலைல இருந்து எத்தன பேரு வந்து பேரு, வயசு, எப்படி விழுந்தீங்கன்னு கேட்டாங்கன்னு அவங்களுக்கே தெரியல. நான் போனப்ப என்னையும் ஸ்டூடண்ட்னு நெனச்சுக்கிட்டு, நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே "மாட்டுக் கொட்டாய்ல வழுக்கிட்டேம்மா"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. சிரிப்பு வந்துச்சு, அப்புறம் வரல.

அதுக்கப்புறம் நாலு ரோஸ்டரையும் ஒண்ணாக்கினோம், வார்டு பேரு போட்டு இல்லாம பெட் நம்பர் போட்டு. இந்த பெட்டுக்கு காலைல நர்சிங், ரவுண்ட்ஸ் முடிஞ்சப்புறம் ஃபிசியோ, கேஸ் ஹிஸ்டரி ஒருத்தர் எழுதினா மத்தவங்க அத வாங்கிப் படிக்கணும், நோயாளி வேணாம்னா வேணாம், அந்த பெட்ட சிஸ்டர் சார்ட்ல அடிச்சுடுவாங்க. கேக்கறதுக்கு சின்ன விஷயம். ஆனா ஒரு எக்செல் ஷீட்டுக்காக நாலு பிரின்சிபாலையும் ஒரே டேபிள்ல உக்கார வைக்கறது இருக்கே, சம்பந்தி சண்டைய தீக்கறதே சுலபம். எங்க ஸ்டூடண்ட்ஸுக்குத்தான் முன்னுரிமைன்னு எல்லாரும் சொன்னாங்க, யாரும் தப்பா சொல்லல, எல்லாருக்கும் அவங்கவங்க கவுன்சில் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு.

ஊசி குத்தற விஷயத்தையும் சொல்லணும். ஒரு நாள் சாயங்காலம் டிரைவர் அண்ணன் போன், "மேடம், பஸ்ல ஒரு பொண்ணு அழுதுக்கிட்டே இருக்குதுங்க, கேட்டா ஒண்ணும் இல்லைங்குது, கைய மட்டும் கர்ச்சீப்புல சுத்தியிருக்குது". விசாரிச்சா மத்தியானம் நோயாளிக்கு போட்ட ஊசிய வெள்ளை டப்பாவுல போடறப்ப விரல்ல குத்திடுச்சு, சொன்னா வார்டு வேலைய பதிவு பண்ற லாக் புக்ல கையெழுத்து போட மாட்டாங்கன்னு பயந்து யார் கிட்டயும் சொல்லல. யாரு சொன்னாங்க அப்படின்னு கேட்டா யாரும் சொல்லல, சீனியர் அக்காங்க பேசிக்கிட்டது. எச்.ஐ.வி தடுப்பு மாத்திரை ஆரம்பிக்கணும்னா 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், ரெண்டு மணி நேரத்துக்குள்ளன்னா ரொம்ப நல்லது. பஸ்ஸ அப்படியே திருப்பச் சொல்லி கேஷுவால்டிக்கு கூட்டிட்டுப் போனோம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அவளுக்கு ரெண்டு டோஸ்தான் ஆகியிருந்துச்சு. அது மூணு டோஸ், மொத டோஸ்ல இருந்து ஒரு மாசம், ஆறு மாசம்னு கணக்கு, அட்மிஷன் லேட்டா முடிஞ்ச பேட்ச்சுக்கு அந்த ஆறு மாசம் ஆகறதுக்குள்ளயே வார்டு போஸ்டிங் வந்துடுது. பொண்ணு நல்லா இருக்கா, மூணாவது வருஷம் இப்ப.

அதுக்கப்புறம் அட்மிஷன் டெஸ்க்லயே, ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் சரி பாக்கற அன்னைக்கே மொத டோஸ் போட்டுடறோம். ஊசி குத்தினா யாருக்கு போன் பண்ணணும்னு ஒரு நம்பர் ஐடி கார்டுக்கு பின்னாடி அச்சடிச்சாச்சு, லாக் புக் கையெழுத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு கொட்டை எழுத்துல. அக்கவுண்ட்ஸ்ல கேட்டாங்க, ஐடி கார்டு ரீபிரிண்டுக்கு எந்த ஹெட்ல செலவு எழுதறதுன்னு. ஸ்டேஷனரின்னு எழுதச் சொன்னேன்.

ஆவணியும் தையும் எங்களுக்கு வேற மாதிரி மாசம். பென்னாகரம், ஊத்தங்கரை பக்கத்துல இருந்து வர்ற பொண்ணுங்க நெறைய பேரு வீட்டுல மொத பட்டதாரி, அரசுப் பள்ளில படிச்சவங்களுக்கு புதுமைப் பெண் பணம் மாசம் 1000 ரூபா அவங்க அக்கவுண்ட்லயே ஏறும், அது அந்தப் பொண்ணுங்களுக்கு எவ்ளோ பெரிய தைரியம்னு எனக்குத் தெரியும். ஆனா முகூர்த்த மாசத்துல "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல"ன்னு ஒரு வாரம் லீவு லெட்டர் வந்தா நாங்க சும்மா இருக்கறதில்ல, வார்டன் அக்கா மொதல்ல போன் பண்ணுவாங்க. "கல்யாணம் பண்ணுங்க, நாங்க வந்து மொய் வெக்கிறோம், ஆனா இன்னும் ஒன்றரை வருஷத்துல உங்க பொண்ணு சம்பளம் வாங்குவா, அதுவரைக்கும் பொறுங்க"ன்னு அவங்க பேசற பேச்சு எந்த கவுன்சிலிங் செல்லுக்கும் வராது. சில பேரு திரும்பி வந்தாங்க. சில பேரு வரல, டி.சி வாங்க வந்தப்ப தாலியோட வந்தாங்க, நான் ஃபீஸ் பாக்கிய பேசல.

இப்ப இழுத்துக்கிட்டு இருக்கறது ஃபார்மசி. ஃபார்ம்.டி பசங்க டாக்டர் ரவுண்ட்ஸோடவே போகணும், அது பத்து மணி, அவங்க பிரின்சிபால் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, மருந்து மாத்தறது அப்பத்தான, அதப் பாக்காம என்ன கிளினிக்கல் ஃபார்மசி. ஆனா அந்த நேரத்துல டிரஸ்ஸிங் மாத்த நர்சிங் பொண்ணுங்களும் அதே பெட்டுகிட்ட நிப்பாங்க. மெடிசின் வார்டுல மட்டும் ஒரு மாசம் முயற்சி பண்ணலாம்னு சொல்லியிருக்கேன், இன்சார்ஜ் சிஸ்டர் சரின்னுட்டாங்க, ஃபார்மசி பிரின்சிபால் சாருதான் இன்னும் சரின்னு சொல்லல. திங்கக்கிழமை மறுபடி பேசணும், அவரு வர்றதுக்கு முன்னாடி சிஸ்டர வந்துடச் சொல்லியிருக்கேன்.