முதலில் ஒரு மீட்டரை அளந்து பாருங்கள்

பி.எட். கற்பித்தல் பயிற்சியில் ஒன்பதாம் வகுப்பு 'இயக்கம்' பாடம் எனக்கு வந்தது. தொலைவு - கால வரைபடத்தைப் பலகையில் நான் வரைவதைவிட, பிள்ளைகள் நடக்க நடக்கத் திரையில் கோடு விழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன். காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலியால் தொலைவை அளக்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 மீயொலி சென்சாரும், நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகையான ஓர் ஆர்டுயினோ ஊனோவும் அதற்குப் போதும்.

இணைப்பு சுலபம். நான்கே கால்கள்: 5 வோல்ட், கிரவுண்டு, டிரிக், எக்கோ. டிரிக்கில் 10 மைக்ரோ நொடித் துடிப்பு கொடுத்தால் சென்சார் 40 கிலோஹெர்ட்ஸில் எட்டு ஒலித் துடிப்புகளை அனுப்பும். அவை எதிரில் இருப்பதில் பட்டுத் திரும்ப ஆன நேரம் எக்கோவில் கிடைக்கும். அதை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தொலைவு.

நான் தடுமாறியது இந்த ஒலியின் வேகத்தில்தான். மீட்டர் ஸ்கேலைத் தரையில் வைத்து, சரியாக 100 செ.மீ.யில் அட்டையை நிறுத்தினேன். திரையில் 97.5. அட்டையை நகர்த்தினேன், ஒயரை மாற்றினேன், சென்சாரையே மாற்றினேன். திரும்பவும் 97.5. பழுது சென்சாரில் இல்லை. நான் எடுத்த நிரலில் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று இருந்தது. அது 20 டிகிரிக்கு உரியது. எங்கள் ஆய்வகத்தில் அன்று 34 டிகிரி. ஒவ்வொரு டிகிரிக்கும் வேகம் 0.6 மீட்டர் கூடும். 352 என்று மாற்றியதும் 100 வந்து நின்றது. சுவரில் ஒரு வெப்பமானி மாட்டிவிட்டு, அந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். இதற்கே ஒரு பாடவேளை தரலாம்.

அப்புறம், ஒலி கூம்பாக விரிந்து போகும். பக்கத்து பெஞ்சின் விளிம்பு அந்தக் கூம்பில் சிக்கினால், ஆள் எங்கே நடந்தாலும் திரையில் பெஞ்சின் தூரம்தான் வரும். சென்சாரை மேசையின் முன் விளிம்பில், நெஞ்சு உயரத்தில் வையுங்கள். நடைபாதையின் இரு பக்கமும் காலியாக இருக்கட்டும்.

துணியையும் கவனியுங்கள். ஒத்திகையில் துப்பட்டா அணிந்த மாணவி நடந்தபோது கோடு பூஜ்யத்துக்கு விழுந்து விழுந்து எழுந்தது. மடிப்பும் மென்மையுமாக இருக்கும் துணியிலிருந்து எதிரொலி ஒழுங்காகத் திரும்புவதில்லை. பரீட்சை அட்டையை நெஞ்சுக்கு முன் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னேன், கோடு சீரானது. அட்டை கொஞ்சம் சாய்ந்தாலும் ஒலி வேறு பக்கம் போய்விடும், அதையும் சொல்லிவிடுங்கள்.

அளவீடுகளுக்கு நடுவே 60 மில்லி நொடி இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பழைய எதிரொலி புதியதோடு கலக்கும். ஐந்து அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு தப்பான எண் அதை இழுத்துவிடும். சீரியல் பிளாட்டரில் (ஆர்டுயினோ மென்பொருளில் எண்களை வரைபடமாகக் காட்டும் சாளரம்) தொலைவோடு 0, 300 என்ற இரண்டு மாறாத எண்களையும் அனுப்பினால் வரைபடத்தின் செங்குத்து அச்சு அங்குமிங்கும் சுருங்கி விரியாது. வேக வரைபடத்தை முதல் நாளே காட்டாதீர்கள். தொலைவில் சிறு பிசகு இருந்தாலும் வேகத்தில் அது பெரிய முள்ளாகத் தெரியும்.

வகுப்பில் நான் பலகையில் கோடு வரைந்து, 'இதை நடந்து காட்டுங்கள்' என்றேன். சாய்கோட்டை நடந்தார்கள். கிடைக்கோட்டுக்கு ஒரு பையன் அசையாமல் நின்றான். கடைசியாக ஒரு செங்குத்துக் கோடு போட்டேன். மூன்று பேர் ஓடிப் பார்த்தார்கள், கோடு சாய்ந்தே வந்தது. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருந்தாத்தான் வரும்!"