ஆறு நாள் வேட்டைக்குப் பத்து நாள் விடுப்பு

வழிகாட்டி வைத்து நியூசிலாந்தில் வரையாடு வேட்டைக்குப் போக என்ன செலவாகும் என்று கேட்டதுமே அண்ணன் முடிவு செய்துவிட்டார். "நாமே போவோம்டா. பொதுக்காடுதானே." அவர் பெரியப்பா மகன். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா காடுகளில் கடமான் வேட்டையில் பதினைந்து வருடப் பழக்கம் உள்ளவர். எனக்கு நான்கு வருடம். பனிமலையில் இரண்டு பேரும் கைக்குழந்தைகள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அங்கே பொதுப் பாதுகாப்பு நிலங்கள் 'டாக்' எனப்படும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் கையில் இருக்கின்றன. திறந்த பகுதிகளுக்கான வேட்டை அனுமதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இமயமலை வரையாடு அந்த மண்ணின் விலங்கு அல்ல. பெட்ஃபோர்ட் டியூக் அன்பளிப்பாகக் கொடுத்த சில ஆடுகளை 1904இல் மவுண்ட் குக் பக்கம் விட்டார்கள். அடித்துத் தின்ன விலங்கு எதுவும் இல்லாததால் அவை பெருகி, உயர்மலைச் செடிகளை மேய்ந்து தீர்த்தன. 1993இல் போட்ட கட்டுப்பாட்டுத் திட்டம் 10,000 ஆடுகளுக்கு மேல் கூடாது என்றது. ஆடுகளுக்கு அது தெரியவில்லை. நீலகிரி வரையாட்டை மாநில விலங்காக்கிப் பொத்திக் காக்கும் ஊரில் பிறந்தவனுக்கு, அதன் தூரத்து உறவைச் சுடச் சொல்லி ஓர் அரசாங்கமே கேட்பது விசித்திரமாகத்தான் இருந்தது.

மீதிப் பாதி காகிதம். வெளிநாட்டிலிருந்து ரைஃபிள் கொண்டுவருபவர் பார்வையாளர் துப்பாக்கி உரிமம் வாங்க வேண்டும். நான்கு மாதம் முன்பே விண்ணப்பித்தேன். என் கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது, துப்பாக்கி உரிமத்திலோ அது வெறும் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க மூன்று வாரம் கடிதப் போக்குவரத்து நடந்தது. அண்ணனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பல வருடம் முன்பே எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி எழுதி வைத்திருந்தார், அதை வழியெல்லாம் சொல்லிக்காட்டியும் வந்தார். இது போக, துப்பாக்கி வருவதை விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். தோட்டா ஆளுக்கு 5 கிலோவுக்குள், செக்-இன் பையில்தான் போக வேண்டும். அடுப்புக்கான கேஸ் டப்பாவை விமானத்தில் ஏற்றவே முடியாது, கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கித்தான் வாங்கினோம்.

பூட்ஸை மறந்துவிடாதீர்கள். அடியில் ஒட்டிய மண், கூடாரத்தில் சிக்கிய விதை, எல்லாவற்றையும் உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிகள் பார்ப்பார்கள். அறிவிக்காமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். பழைய பல் துலக்கியால் ஒரு மாலை முழுக்கத் தேய்த்தேன்.

இடம் தேர்வதில்தான் அதிகம் சண்டை போட்டோம். மேற்குக் கரையின் வனாந்தரப் பகுதிகளில் ஹெலிகாப்டரில் இறங்க வேண்டுமானால் குலுக்கலில் பெயர் வர வேண்டும். அண்ணனுக்கு அதில் ஆசை. எனக்கு, வானிலை கெட்டால் ஹெலிகாப்டர் வராது, நடந்தும் வெளியேற முடியாது என்ற பயம். கடைசியில் ஓஹாவ் ஏரிக்கு மேலே இருக்கும் ஹாப்கின்ஸ் பள்ளத்தாக்கு என்று முடிவானது. நடந்தே போகலாம், வழியில் டாக்கின் குடில்களும் உண்டு.

நான் முதலில் போட்ட திட்டம் இப்படி: போக ஒரு நாள், வேட்டை ஆறு நாள், திரும்ப ஒரு நாள். அதை 1:50,000 வரைபடத்தோடு வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஜூனில் அங்கே பகல் சுமார் 9 மணி நேரம்தான். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பும் மறைவுக்கு அரை மணி பின்பும்தான் எல்லை, விளக்கடித்து வேட்டையாடுவது குற்றம். ஏறி இறங்கும் நேரத்தைக் கழித்தால் ஒரு நாளில் உருப்படியாகக் கிடைப்பது நான்கு மணி நேரம். குளிர்காலத்தில் வரையாடு வெயில் காயும் வடக்கு நோக்கிய சரிவுகளில் நிற்கும். அதே வெயில்தான் மதியத்துக்குள் அந்தச் சரிவின் பனியை இளக்கி, பனிச்சரிவாக அவிழ்த்தும் விடும். 30 முதல் 45 பாகைச் சாய்வுதான் அதற்கு வாகான இடம். ஆட்டுக்குப் பிடித்த இடமும் கிட்டத்தட்ட அதேதான்.

அதனால் இரண்டு நாள் சும்மா இருக்கவென்றே சேர்த்தேன். "சும்மா இருக்கவா இவ்வளவு தூரம் போறோம்?" என்றார் அண்ணன். பனிச்சரிவில் புதைந்தவர் எங்கே என்று ரேடியோ அலையில் காட்டும் டிரான்ஸ்சீவர், துழாவுகோல், மண்வாரி மூன்றும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். டிரான்ஸ்சீவரைப் புல்வெளியில் புதைத்துத் தேடிப் பழகியபோது, அவருடையதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு நிமிடம் ஆனது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் பனிக்குள் கிடந்தால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறையும். அதற்குப் பிறகு அவர் வாதாடவில்லை.

வேட்டையின் ஐந்தாம் நாள் பைனாகுலரில் கிடா தெரிந்தது. பிடரி மயிர் காற்றில் பிரிய, பாறை விளிம்பில் நின்றது. தூரம் சுடக்கூடியதுதான். ஆனால் சுட்டால் விழுவது கீழே உறைந்த ஓடைப் பிளவுக்குள், அங்கே இறங்கினால் நாங்கள் ஏறி வர மாட்டோம். அண்ணன் பத்து நிமிடம் தூங்குவதுபோல் படுத்துக் கிடந்தார். பிறகு துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டைத் திரும்பப் போட்டு, "டீ போடு" என்றார். மறுநாள் புல்மேட்டில் ஒரு பெட்டை கிடைத்தது. எண்ணிக்கையைக் குறைக்கப் பெட்டைகளையே சுடச் சொல்கிறார்கள். கறியைச் சுமந்து குடிலை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது.

அன்றிரவு வடமேற்குக் காற்று. மலைமுகட்டைத் தாண்டி மழை கொட்டி, முழங்கால் ஆழத்தில் கடந்திருந்த ஆறு பழுப்பாகப் புரண்டது. சேர்த்து வைத்த இரண்டு நாளும் அந்தக் குடிலிலேயே போயின. மூன்றாவது நாள் காலையிலும் தண்ணீர் இறங்கவில்லை.

செயற்கைக்கோள் கருவியில் அனுப்பிய செய்தி போனதா என்று தெரியவில்லை. மெல்போர்னில் அக்காவிடம் எங்கள் பாதையையும், எந்த நாள் எத்தனை மணிக்குள் நாங்கள் பேசாவிட்டால் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்திருந்தேன். திரும்பும் நாளுக்கு ஒரு நாள் பின்னால், மாலை ஆறு மணி. அந்தக் கெடு நாள் மதியம்தான் ஆற்றில் தண்ணீர் இறங்கியது. கைகோத்துக் கடந்து, காரை எடுத்து, சிக்னல் கிடைத்தபோது ஐந்து நாற்பது.

"எண்ணை எழுதி ஃபோன் பக்கத்திலேயே வச்சிருக்கேன்" என்றாள் அக்கா. "உங்கண்ணன்கிட்ட குடு, முதல்ல."