டர்போ மாற்றியது ஒரு நாளில், பழுது பிடிபட்டது மூன்று வாரத்தில்

2006-ல் பதிவான என் சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் காரின் சிஓஇயை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) 2016-ல் பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்தபோதே, இடையில் என்றைக்காவது அதன் டர்போவில், அதாவது எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவியில், கை வைக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். 2019 தொடக்கத்தில் அந்த நாள் வந்தது. காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது பின்னால் நீலப் புகை எழுந்தது. மேம்பாலம் ஏறும்போது மெல்லிய சீழ்க்கைச் சத்தம் கேட்டது. காற்றுக் குழாயைக் கழற்றி காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தை விரலால் அசைத்துப் பார்த்தேன். அச்சு எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழல்வதால் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பே. என் டர்போவிலோ சக்கரத்தின் இதழ்கள் உறையின் சுவரைத் தொட்டன. அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

பழைய டிடி04 ரகத்தையே மீண்டும் வாங்குவதா, அதைவிடப் பெரிய ஐஎச்ஐ நிறுவனத்தின் விஎஃப் வரிசை டர்போ ஒன்றைப் போடுவதா என்பதுதான் கேள்வி. ஆசை வென்றது என்று ஒப்புக்கொள்கிறேன். விரைவுச்சாலைகளில் அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டராக உள்ள ஊரில் இந்த ஆசைக்கு நியாயம் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எந்த மாற்றத்துக்கு அனுமதி தேவை, எதற்குத் தேவையில்லை, எது கூடவே கூடாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் வகைப்படுத்தியிருப்பதால், பொருளை வாங்குவதற்கு முன்பே அந்தக் காகித வேலைகளை முடித்துக்கொண்டேன். பத்து வயதைக் கடந்த கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதால், இதை ஒளித்துச் செய்வதில் எந்தப் பயனும் இல்லை.

காக்கி புக்கிட்டில் உள்ள ஒரு ஒர்க்‌ஷாப்பில் சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. பல ஆண்டுச் சூட்டில் இறுகிப்போயிருந்த எக்ஸாஸ்ட் பக்கத்து நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவைத்திருந்தும், நட்டு ஏறும் ஸ்டட் ஒன்று முறிந்துதான் வந்தது. டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் குழாயின் போல்ட்டுக்குள் விரல்நுனி அளவே உள்ள ஒரு சல்லடை இருக்கும். அதை வெளியே எடுத்தபோது கரி படிந்து பாதி அடைபட்டிருந்தது. பழைய டர்போ ஏன் செத்தது என்பதற்கான விடை அநேகமாக அதில்தான் இருந்தது. அதை மாற்றாமல் புதிய டர்போவைப் பூட்டியிருந்தால், புதியதும் அதே வழியில் போயிருக்கும். ஆயில் திரும்பி இறங்கும் குழாயில் சீலன்ட் பசை தடவ வேண்டாம், புதிய கேஸ்கட் மட்டும் போதும் என்று நான் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். பசை பிதுங்கி வழியை அடைத்தால், இறங்க இடமில்லாத ஆயில் சீலைத் தாண்டிப் புகையாக வரும். அப்போது நல்ல டர்போவின் மீதே பழி விழும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் டர்போவின் ஆயில் துளையில் புதிய ஆயிலை ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றினோம். பிறகு எரிபொருள் பம்ப்பின் இணைப்பைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும்வரை எஞ்சினை ஸ்டார்ட்டரால் மட்டும் சுழலவிட்டோம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் போகக்கூடிய அச்சை உலர்ந்த தாங்கியில் சில விநாடிகள்கூடச் சுழலவிடக் கூடாது. இணைப்பைத் திருப்பிக் கொடுத்ததும் எஞ்சின் உயிர் பெற்றது. கூடவே வெள்ளைப் புகையும் கிளம்பியதால் சற்றுப் பதறினேன். எக்ஸாஸ்ட் உறையில் ஒட்டியிருந்த கை எண்ணெயும் துரு நீக்கியும் எரிந்த புகை அது. கால் மணி நேரத்தில் நின்றுவிட்டது.

புதிய டர்போவுக்கு ஏற்றபடி எஞ்சின் கணினியை ரீமேப் செய்து, அதாவது அதன் பெட்ரோல் கணக்குகளை மாற்றி எழுதி, டர்போ ஏற்றும் பூஸ்ட் அழுத்தத்தை 1.1 பாரில் நிறுத்தினார்கள். பத்து நாள் ஓட்டம் இன்பமாக இருந்தது. பதினோராம் நாள் யூனோஸ் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, ஏர்கான் ஓடிக்கொண்டிருக்க, ஆர்பிஎம் முள் 500-க்குச் சரிந்து, ஏறி, மீண்டும் சரிந்தது. எஞ்சின் விளக்கும் எரிந்தது. ஸ்கேனரில் வந்த குறியீடு பி0171. அதாவது, காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்கவில்லை. கார் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் ஐடில் நிலையில் கணினி தன் கணக்குக்கு மேல் 20 விழுக்காடு கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்துக்கொண்டிருந்தது. விரைவுச்சாலையில் அந்தத் திருத்தம் 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இந்த வேறுபாட்டை அப்போதே சரியாகப் படித்திருந்தால் எனக்கு இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும். ஒரு விரிசல் வழியே நுழையும் கணக்கில் வராத காற்று, எஞ்சின் குறைவாக மூச்சு விடும்போதுதான் பெரிய பங்காகத் தெரியும்.

டர்போவைப் பூட்டிய ஒர்க்‌ஷாப் அழுத்தச் சோதனை செய்தது. டர்போவின் வெளிவாயிலிருந்து அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர், எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் வரை 1 பார் காற்றை ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட எழவில்லை. காற்றளவு சென்சரைச் சுத்தம் செய்தார்கள், இரண்டு வேக்குவம் ஹோஸ்களை மாற்றினார்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பில் போட்டார்கள். கடைசியில், நான் வாங்கிவந்த டர்போவே குறையுள்ளது என்றார்கள்.

நண்பர் ஒருவர் சொன்னதன்பேரில் காரை வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் தம்பி, நான் நீட்டிய காகிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அண்ணே, டர்போவுக்குப் பின்னாடி எல்லாம் பாத்திருக்காங்க. முன்னாடி இருக்கிற குழாயை யாராவது பாத்தாங்களா?”

யாரும் பார்க்கவில்லை. காற்றளவு சென்சருக்கும் டர்போவுக்கும் நடுவே, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் வளைந்து போகும் ரப்பர் குழாய் அது. டர்போவின் வெளிவாயிலிருந்து காற்றை ஏற்றினால் சோதனை அந்தக் குழாயைத் தொடவே தொடாது. தம்பி சென்சர் இருந்த இடத்தில் அடைப்பானைப் பொருத்தி, அங்கிருந்து 0.2 பார் மட்டும் கொடுத்தார். எஞ்சினின் மூச்சுக் குழாய்களும் அந்த ரப்பரோடு இணைந்திருப்பதால், அதற்கு மேல் ஏற்றினால் ஆயில் சீல்கள் கெட்டுவிடும் என்றார். சோப்புத் தண்ணீரைக் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் பீய்ச்சிவிட்டு, பல் மருத்துவர் வைத்திருப்பதைப் போன்ற ஒரு சிறு கண்ணாடியை உள்ளே நுழைத்து டார்ச் அடித்தார். கண்ணாடிக்குள் நுரை வட்டமாக வளர்ந்தது.

மேனிஃபோல்டைத் தூக்கிக் குழாயை வெளியே எடுத்தபோது கதை முழுவதும் தெரிந்தது. விஎஃப் டர்போவின் வாய் பழைய டிடி04-இன் வாயைவிடப் பெரியது. முதல் ஒர்க்‌ஷாப்பில் பதின்மூன்று வயதான ரப்பரைச் சூடாக்கி, இழுத்து, அந்த வாயில் மாட்டியிருக்கிறார்கள். கிளாம்ப்புக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் நீளத்துக்கு, மடித்தால் மட்டுமே திறக்கும் விரிசல் ஒன்று இருந்தது. டர்போவுடன் சேர்த்து அந்தக் குழாயையும் வாங்கச் சொல்லி விற்றவர் சொன்னபோது, வீண் செலவு என்று மறுத்தவன் நான்தான். ஆகவே பழியை முழுவதும் ஒர்க்‌ஷாப்பின் தலையில் கட்ட முடியாது.

சரியான வாயளவுள்ள சிலிக்கோன் குழாய் வந்து சேர நான்கு நாளும், அதைப் பொருத்த ஒரு முழு நாளும் ஆயின. ஐடில் 750-இல் அசையாமல் நின்றது. ஆனால் ஸ்கேனரைப் பார்த்தால் பெட்ரோல் திருத்தம் இப்போது மைனஸ் 11 விழுக்காடு. ரீமேப் செய்த நாளிலேயே விரிசல் தொடங்கியிருக்க வேண்டும். திருட்டுத்தனமாக நுழைந்த காற்றுக்கும் சேர்த்து ட்யூனர் கணக்கை உயர்த்தியிருந்ததால், ஓட்டையை அடைத்ததும் பெட்ரோல் மிகுதியாகிவிட்டது. கணினியை மறுபடியும் ரீமேப் செய்ய வேண்டியிருந்தது. அதற்கும் முழுத் தொகையே கொடுத்தேன். அதன் பிறகு 5,000 கிலோமீட்டர் ஓடி ஆயில் மாற்றியபோது, தம்பி அளவுக்கம்பியைத் துடைத்து, விட்டு, எடுத்துக் காட்டினார். ஆயில் மேல்கோட்டிலேயே நின்றது.