இளைத்துவிட்டாயே

மார்ச் 2

ஐந்து மாதம் நடந்து, அளந்து சாப்பிட்டு நான்கு கிலோ குறைத்திருக்கிறேன். கதவைத் திறந்த சித்தி, "என்னடி இப்படி இளைத்துவிட்டாயே!" என்றார். பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் குரலில் இருந்ததோ துக்க விசாரிப்பு. சாப்பிடும்போது தட்டின் மேல் கையை விரித்து மறைத்தேன். விரலிடுக்கைப் பார்த்து ஒரு கரண்டியைக் கவிழ்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

மார்ச் 5

ஃபிஜித் தீவுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆன் பெக்கர் என்ற மானுடவியலாளர், மனநல மருத்துவரும்கூட, அங்கே ஆராய்ந்தவர். ஊட்டமான உடலைத்தான் அங்கு அழகு என்றார்கள். ஒருவர் மெலிந்தால், "வீட்டில் இவரைச் சரியாகக் கவனிக்கவில்லையா?" என்ற பேச்சு வருமாம். அதாவது உடம்பு இவருடையது, அவமானம் சோறு போட்டவருக்கு.

சித்தியின் முகம் நினைவுக்கு வந்தது. நான் குறைத்த நான்கு கிலோவை அவர் தன் கணக்கில்தான் எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் 6

நேற்றைய கதையின் மறுபாதி. 1995-இல் அந்தப் பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. அப்போது பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, எடை குறைக்க வேண்டுமென்றே வாந்தியெடுப்பதாக ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998-இல் கேட்டபோது 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். மூன்றே ஆண்டுகள்! காலங்காலமாக ஊட்டி வளர்த்த கண்ணோட்டம் இவ்வளவு சீக்கிரம் ஆட்டம் காணுமா? பழைய வழக்கத்தைப் புகழவும் தயக்கமாக இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடான மொரிட்டானியாவில் சிறுமிகளைக் கொழுக்கவைக்க ஒட்டகப் பாலை வற்புறுத்திப் புகட்டியதும் அழகின் பெயரால்தான்.

மார்ச் 9

மருத்துவரிடம் போனேன். உயரத்துக்கேற்ற எடைதானா என்று காட்டும் உடல் நிறை குறியெண் (BMI) 24. பொதுவான அளவுகோலில் 25 வரை கவலையில்லை. ஆசிய மக்களுக்கு 23-லிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் சொல்லியிருக்கிறது. சித்திக்கு நான் எலும்புக்கூடு, மருத்துவருக்கு இன்னும் இரண்டு மூன்று கிலோ அதிகம்.

மார்ச் 14

சித்தி வந்திருந்தார். நான் சமையலறையில் இருந்தபோது எடை இயந்திரம் 'டக்' என்றது. எட்டிப் பார்த்தேன். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி, குனிந்து எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இறங்கிவிட்டார்.

"இது சரியில்லை. குறைத்துக் காட்டுகிறது" என்றார்.