சுவரில் கண்ட கதை தட்டில் வந்த நாள்: போர்ட்டோ

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது என்பதால், காலை எட்டு மணிக்கே சாவ் பென்ட்டோ ரயில் நிலையத்துக்குப் போய்விட்டோம். ரயில் ஏறுவதற்காக அல்ல. 1916இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தின் முன்கூடச் சுவர்களை நிறைத்திருக்கும் ஏறத்தாழ 20,000 ஓடுகளைப் பார்ப்பதற்காக. அசுலேஜு என்று அவர்கள் அழைக்கும் அந்த ஓடுகளில், போர்ச்சுகலின் வரலாற்றைப் பெரும்பாலும் நீலத்திலும் வெள்ளையிலும் தீட்டியவர் ஜோர்ஜ் கொலாசு. மிக அருகில் நின்றால் வெறும் நீலத் தீற்றல்களாகத் தெரிபவை, பத்தடி பின்னால் வந்ததும் ஆளாகவும் ஆயுதமாகவும் உருக்கொள்கின்றன. 1415இல் வட ஆப்பிரிக்காவின் செவுத்தா நகரைப் போர்த்துகீசியர் கைப்பற்றிய காட்சியின் முன் என் கணவர் நெடுநேரம் நின்றார்.

நிக்கொலாவ் நசோனி வடிவமைத்த 75 மீட்டர் உயரக் கிளேரிகுஷ் கோபுரத்தில் வரிசை நீண்டிருந்ததால், கீழிருந்தே பார்த்துவிட்டு ஆற்றை நோக்கிச் சரியும் ரிபெய்ரா சந்துகளில் இறங்கினோம்.

மதிய உணவுக்கு நுழைந்த சிறிய கடையில், பணியாளர் இடம் காட்டிச் சொன்ன வாக்கியத்தில் 'மேசா', 'ஜனேலா' என்ற இரண்டு சொற்கள் மட்டும் எங்களுக்குப் புரிந்தன. நம் மேசையும் ஜன்னலும் அந்த மொழி தந்தவைதாமே! ஜன்னலோர மேசையில் அமர்ந்து, வெள்ளை மொச்சையோடு மாட்டுக் குடலைச் சேர்த்து நிதானமாக வேகவைக்கும் இவ்வூரின் புகழ்பெற்ற உணவை வரவழைத்தோம். செவுத்தாவுக்குப் புறப்பட்ட கப்பல்களுக்கு நல்ல இறைச்சியை எல்லாம் கொடுத்துவிட்டு, ஊர்மக்கள் தங்களுக்குக் குடலை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. குடல் உண்போர் என்று பொருள்படும் 'திரிப்பெய்ரு' என்ற பெயரை இம்மக்கள் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். காலையில் சுவரில் பார்த்த போர் மதியம் தட்டில் வந்து சேர்ந்ததை எண்ணியபோது, எனக்கு உண்மையிலேயே நெகிழ்ச்சியாக இருந்தது. குடல் மெத்தென்று வெந்து, குழம்பின் காரமில்லாத கொழுமை சோற்றில் இறங்கியிருந்தது.

பாரிஸ் ஈஃபில் கோபுரத்தைக் கட்டிய ஐஃபலின் முன்னாள் தொழில்கூட்டாளியான தேயோஃபில் செய்ரிக் வடிவமைத்து 1886இல் திறக்கப்பட்ட டோம் லூயிஸ் பாலத்தின் மேல்தளத்தில், மெட்ரோ ரயில் உரசிக்கொண்டு போவதுபோல் கடக்க, டோரு நதியைத் தாண்டி வில நோவா டி கையா சென்றோம். மேல்நதித் தோட்டங்களிலிருந்து ஒயின் பீப்பாய்களை ஒருகாலத்தில் சுமந்து வந்த ரபேலு படகுகள் கரையில் வரிசையாக நின்றன. புளித்துக்கொண்டிருக்கும் திராட்சைச் சாற்றில் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்தால் நொதித்தல் பாதியில் நின்று இனிப்பு தங்கிவிடுகிறது. போர்ட் ஒயினின் சூட்சுமம் அவ்வளவுதான். மரப்பீப்பாயில் முதிர்ந்து செம்பழுப்பேறிய வகையை இருவரும் ஒரே கோப்பையில் பகிர்ந்துகொண்டோம்.

பாலத்தின் கீழ்த்தளம் வழியாகத் திரும்பியபோது ரிபெய்ராவின் கரைச்சுவரில் ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பத்தைக் கண்டோம். 1809 மார்ச் 29 அன்று பிரெஞ்சுப் படைக்கு அஞ்சி ஓடிய மக்கள் படகுப் பாலத்தில் நெரிபட்டு ஆற்றில் விழுந்து மாண்டதன் நினைவு அது. அதன் முன் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. காற்றில் அணைந்திருந்த ஒன்றை, பக்கத்துச் சுடரிலிருந்து என் கணவர் ஏற்றிவைத்தார்.

இரவு உணவுக்கு கால்து வெர்டே போதும் என்று முடிவு செய்தோம். உருளைக்கிழங்குக் கூழில், நூலாக அரிந்த கீரையும் ஷோரிசோ என்ற பன்றியிறைச்சித் தொத்திறைச்சியின் ஒரே ஒரு துண்டும் மிதக்கும் சூடான சூப். அந்தத் துண்டை அவர் என் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டார்.