ஞாயிறு மாலை ஆறு மணி

குடியை நிறுத்த உதவும் ஒரு கூட்டத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வாரங்கள் ஆயின. அவற்றுள் நான்கு வாரங்கள் வீணானதற்கு நானே காரணம். என்னைத் தெரிந்த எவரும் எட்டிப்பார்க்காத ஊரில் அது நடக்க வேண்டும் என்பதே என் முதல் நிபந்தனையாக இருந்தது.

நீடாமங்கலம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறேன். பதினாறு ஆண்டுகளாகக் குடித்தவன். எங்கள் பக்கத்தில் குடியை நிறுத்துவதற்கு மக்கள் அறிந்த வழிகள் சில உண்டு: ஐயனார் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்வது, கையில் கயிறு கட்டுவது, சபரிமலைக்கு மாலை போடுவது, சோற்றில் யாருக்கும் தெரியாமல் பொடி கலப்பது. கடைசி ஒன்றைத் தவிர மற்ற மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். அந்தக் கடைசியையும் என் மனைவி செய்திருக்கக்கூடும், நான் கேட்டதில்லை. மாலை போட்ட நாற்பத்தெட்டு நாட்களும் ஒரு சொட்டு தொடாமல் இருந்தவன், மலையிறங்கி வந்த மறுநாள் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் திறக்கும்போது வாசலில் நின்றேன்.

திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளர் பிரிவுக்குச் சென்றது, கை நடுக்கத்தால் பேரேட்டில் எழுத முடியாமல் போன பிறகுதான். நீண்ட காலம் தினமும் குடித்தவர் தாமாகத் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மருத்துவர் சொன்னபோது, வைராக்கியம் மட்டும் போதும் என்று அதுவரை நம்பியிருந்த எனக்குத் திக்கென்றது. சில நாட்கள் உள்நோயாளியாக இருந்தேன். வைட்டமின் பி1 ஊசியும் மாத்திரைகளும் கொடுத்து நடுக்கத்தைத் தணித்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, "உடம்பை நாங்கள் பார்த்துக்கொண்டோம், சாயங்காலங்களை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்கள்" என்று ஆற்றுப்படுத்துநர் சொன்னார்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கமே ஏ.ஏ. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் குடிக்காமல் பார்த்துக்கொண்டதில் தொடங்கியது அது. அங்கே மருத்துவர் கிடையாது, கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது.

தேடல் அதன் பிறகுதான். யாரோ எழுதித் தந்த பழைய எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர், கூட்டம் நடக்கும் அறையை மாற்றி ஓராண்டு ஆகிறது என்றார். குடிமீட்பு மையம் ஒன்றிலிருந்து ஒருவர், கூட்டம் பற்றிக் கேட்ட என்னிடம், மூன்று மாதம் சேர்ந்துவிட வேண்டும், வேண்டுமானால் வண்டி அனுப்பி அழைத்துக்கொள்கிறோம் என்று பேசியதும் பயந்து வைத்துவிட்டேன். போதை மீட்பு உதவிக்கான 14446 என்ற கட்டணமில்லா எண்ணையும் அழைத்தேன், பொறுமையாகக் கேட்டார்கள். பக்கத்து ஊர்களில் எங்கேனும் கூட்டம் உண்டா என்று நான் எவரிடமும் கேட்கவில்லை; மில்லுக்கு நெல் கொண்டுவரும் எவராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது? கடை வாசலில் விழுந்து கிடந்தபோது வராத வெட்கம் நிறுத்தப் போகும்போது வந்தது.

கடைசியில் மருத்துவமனைக்கே திரும்பிப் போய்க் கேட்டேன். தஞ்சாவூரில் ஒரு பள்ளியின் வகுப்பறை, ஞாயிறு மாலை ஆறு மணி. திறந்த கூட்டம் என்றால் குடும்பத்தாரும் வரலாம், மூடிய கூட்டம் என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர் மட்டுமே என்ற வேறுபாட்டை அப்போதுதான் அறிந்தேன். அம்மாப்பேட்டை, சாலியமங்கலம் வழியாகச் செல்லும் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்து, இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் யோசித்தேன்.

குழந்தைகள் உட்காரும் பெஞ்சுகளில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கிப் பேசினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் இடைமறிக்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை. செலவுக்கு ஒரு டப்பா சுற்றி வந்தது. புதியவர் போட வேண்டாம் என்று என்னைத் தாண்டிச் சென்றது. ஆறிலிருந்து ஏழரை வரை, நான் வழக்கமாகக் குவார்ட்டர் வாங்கும் நேரம் முழுவதும், ஒரு டீயோடு கழிந்திருந்ததைப் பேருந்து நிலையத்துக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

மூன்றாம் வாரம் உள்ளே நுழைந்தவரைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். அவரும் என்னைக் கண்டு தயங்கித்தான் நின்றார். திரும்பும் பேருந்தில் பக்கத்தில் வந்து அமர்ந்து, "ஏழு வருஷமா இங்க வர்றேன் தம்பி, நம்ம ஊர் ஆள் யாரும் பார்த்துடக் கூடாதுன்னுதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும்.

குடியை விடும் நோக்கத்தோடு இரண்டு மூன்று பேர் கூடினாலே அதை ஒரு குழு எனலாம் என்பது ஏ.ஏ. மரபு. எனவே இப்போது நீடாமங்கலத்திலேயே ஓர் அறை தேடுகிறோம். இலவசமாக யாரும் தர வேண்டியதில்லை. தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வதும் மரபுதான் என்பதால், சிறியதாக இருந்தாலும் வாடகை தருவோம் என்று சொல்கிறோம். கடைத்தெருவில் மாடி அறை வைத்திருக்கும் ஒருவர், "குடிக்காம இருக்கறதுக்கா வாடகை கொடுக்கறீங்க?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, வீட்டில் கலந்து பேசிச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.